கழுவாமல் ஒரு பை

பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்குத் திரும்பும் பேருந்தில் ஆசிபாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண்களிடம் கொடுத்த பைகள் ஒன்று விடாமல் திரும்பி வந்துவிட்டன. அதுவும் சும்மா வரவில்லை. ஒன்றில் பாசிப்பயறு, ஒன்றில் உளுந்து, ஒன்றில் கடலை மிட்டாய். மிட்டாயைப் பாதி வழியிலேயே தின்று தீர்த்தாள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு ஜெல் ஆராய்ச்சியில். உடலுறவில் தொற்றும் வைரஸைப் பெண் தானே தடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறார்கள். உறவுக்கு முன் சின்ன பிளாஸ்டிக் குழலால் ஜெல்லை உள்ளே செலுத்திக்கொண்டு, குழலைப் பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். ஜெல் காக்குமா காக்காதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அதையும் ஆசிபா ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் உமாராணி பைகளைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். குழல்கள் எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பளபளவென்று இருந்தன. அந்த ஊரில் அடுத்த வீட்டுச் சாமானைக் கழுவாமலும் தர மாட்டார்கள், வெறுமனேயும் தர மாட்டார்கள். குழலில் ஒட்டியிருப்பதைச் சாயமேற்றிப் பார்த்தால்தான் அது நிஜமாகவே உள்ளே போனதா என்று தெரியும். இப்போது தெரிந்தது பசுவந்தனைக்காரர்களின் சுத்தம் மட்டும்தான். அடுத்த தடவையும் இப்படி வந்தால் ஆராய்ச்சியிலிருந்து ஊரையே எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார் டாக்டர். மிட்டாய் விஷயத்தை ஆசிபா அவரிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாளே ஓடினாள். பெண்களில் மூத்தவளான சங்கரம்மாளின் வீட்டுக்குள் எல்லோரையும் உட்கார்த்தி, கதவைச் சாத்தி, வெயிலைப் பற்றிப் பேசினாள், உளுந்து விலையைப் பற்றிப் பேசினாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விஷயத்தைப் போட்டு உடைத்தாள். ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சங்கரம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது.

“ஏட்டி, கழுவாமக் குடுத்தா எங்கள என்னன்னு நினைப்பாவ?”

போச்சு, எல்லாம் போச்சு என்று ஆசிபா எழுந்திருக்கப் பார்த்தாள். அப்போதுதான் மூலையிலிருந்து பொன்மணியின் குரல் வந்தது. லாரி ஓட்டுகிறவரின் மனைவி. கேட்டதற்குத் தலையாட்டுவதோடு சரி.

“எங்க வீட்டுல அவிய எங்கெங்கயோ தங்கிட்டு வாராவ. உறை போடுங்கன்னா அடிக்க வாராவ. அவியட்ட கேக்காம நான் செய்யுதது இது ஒண்ணுதான். இது காக்குமான்னு எனக்குத் தெரியணும். நான் கழுவாமத் தாரேன்.”

சங்கரம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இத்தனை வருசம் பாத்திரம் விளக்கியதற்கு இப்படியும் ஒரு விடுதலையா என்று கேட்டுவிட்டு அவளே முதலில் சிரித்தாள். அது தொற்றிக்கொண்டது. ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வெளியே யாரோ என்ன சத்தம் என்று கேட்க, சும்மாதான் என்று சொல்லிவிட்டு இன்னும் சிரித்தார்கள்.

அடுத்த முறை பைகள் செய்தித்தாளில் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வந்தன. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே நீட்டினார்கள். பொன்மணி மட்டும் ஆசிபாவின் முகத்தைப் பார்த்துக் கொடுத்தாள்.

சாயம் ஏறிய குழல்களைப் பார்த்ததும் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஊர் தப்பித்தது. ஆசிபா ஆய்வகத்துக்கு வெளியே ஓடிவந்து பொன்மணிக்குப் போன் போட்டு, மூச்சுவாங்கச் சொல்லி முடித்தாள்.

“நான் செஞ்சது அங்கன தெரிஞ்சுதா?” என்று கேட்டாள் பொன்மணி.

“தெரிஞ்சுது மதினி. நல்லாத் தெரிஞ்சுது.”