ஒரு கோழி, இரண்டு விடை

எதிரில் இருவர்தான் நின்றார்கள். ஆராய்ச்சி நிலைய இயக்குநர் இரண்டாயிரம் பேருக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரே கோழி! நீங்க இறகை டெஸ்ட் பண்ணா சேவல், இந்தத் தம்பி பண்ணா பெட்டை! சாம்பிளை மாத்திட்டு மெஷின் மேல பழி போடாதீங்கம்மா. இப்படிப்பட்ட ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். நாளைக்குக் கோழிக்கூண்டு அத்தனையும் காலி!"

அவள் கூண்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். கோழிகள் போனால் அவள் வருடக்கணக்காகக் கட்டிய ஆராய்ச்சியும் போகும்.

இயக்குநருக்கு ஒரே வேதம்: ஹார்மோன்தான் ராஜா, செல்கள் குடிமக்கள், ராஜா சொன்னால் சேவல், ராஜா சொன்னால் பெட்டை. ராஜாவுக்கு அமைச்சர் யார் என்று அவர் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

அவர் போனதும் அவள் கூட வேலை பார்ப்பவனிடம் பாய்ந்தாள். உயரத்துக்காக அவனை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்பார்கள்.

"உண்மையச் சொல்லுடா. எந்தக் கோழியைத் தொட்ட?"

"இதே வளையம் போட்ட கோழிதான்க்கா. வேணும்னா பாரு." ரோஷத்தோடு கோழியை வலது கையில் இடுக்கி, இடது கையால் அதன் இடது இறக்கையிலிருந்து ஓர் இறகை வேரோடு பிடுங்கினான்.

"நில்லு! ஏன்டா அந்தப் பக்கம் பிடுங்கற?"

"எனக்கு இடது கைதானே வரும்."

"நான் எப்பவும் வலது இறக்கையிலதான் பிடுங்குவேன்!"

இருவரும் கோழியை நேருக்கு நேர் பார்த்தார்கள். அலகுக்குக் கீழே தொங்கும் தாடி வலப்பக்கம் பெருத்திருந்தது, இடப்பக்கம் சுண்டியிருந்தது. வலது காலில் சேவலுக்குரிய முள் எட்டிப்பார்த்தது. இடது கால் வழவழப்பு. ஆளுக்கொரு பக்கமாக இடுக்கியே பழகியவர்கள் முழுக் கோழியைப் பார்த்ததே இல்லை!

"அக்கா, பாதி சேவல்! பாதி பெட்டை!"

"கத்தாதடா, ஓடு! அவரைக் கூட்டிட்டு வா!"

சொன்னவளும் கத்தித்தான் சொன்னாள்.

இரண்டு இறகையும் இயக்குநரே பிடுங்க வேண்டும், குப்பியில் அவரே எண் எழுத வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். மெஷினின் திரைக்கு முன்னால் மூவரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். பெட்டைக்கு மட்டும் உள்ள டபிள்யூ குரோமோசோமின் கோடு இடது இறகில் பளிச்சென்று வந்தது. வலது இறகில் மருந்துக்குக்கூட இல்லை.

"சார்! உடம்பு முழுக்க ஓடறது ஒரே ரத்தம். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஹார்மோன். அப்புறம் ஏன் ரெண்டும் வேற வேற மாதிரி வளருது? ஒவ்வொரு செல்லுக்கும் தான் யாருன்னு தெரியுது சார்! தனக்குள்ள எந்த ஜீனை எழுப்பணும்னு தெரியுது! ஹார்மோன் சொல்றதை அது காதுல வாங்கிக்குது, ஆனா தன் புத்தியை அடகு வைக்கல!"

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். ராஜாவை இறக்கிவிட அவருக்கு அந்தக் கனைப்பு போதுமானதாக இருந்தது.

"நான் ஆரம்பத்துலேருந்தே சொல்றேன், ஹார்மோன் மட்டும் போதாதுன்னு."

"சொன்னீங்க சார். இப்போ சாம்பிள் மாறலன்னும் சொல்லிடுங்க."

அவர் கோட்டுப் பொத்தானிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"பின்னால கேக்கல சார்," என்றான் ஒட்டடைக்குச்சி.

"மாறலம்மா! கூண்டை யாரும் தொடக் கூடாது, போதுமா?"

அதற்குள் அவள் கோழியைத் தூக்கிக்கொண்டு தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தாள்.