மைனாவில் பால் காய்ச்சினோம்

பால் மட்டும் சாயவில்லை, சுவர் சாய்கிறது, மேஜை சாய்கிறது, ஆணியில் மாட்டிய என் சட்டை சுவரை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கிறது, நானும் இடுப்பில் வார் கட்டிக்கொண்டு ஒரு கால் தரையிலும் ஒரு கால் அலமாரிக் கதவிலுமாகக் குரங்கு மாதிரி நிற்கிறேன், ஆனால் ஊஞ்சல்போல இரண்டு கொக்கிகளில் தொங்குகிற அடுப்பும், அதன்மேல் பாத்திரமும், பாத்திரத்துக்குள் பாலும், கடலுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் நேராக இருக்கின்றன, பாதிப் பாத்திரம் பால், பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது, அது அவள் சட்டம், மேலே சுக்கானைப் பிடித்துக்கொண்டு என் மனைவி பூங்கோதை கத்துகிறாள், என்னங்க, காப்பி வருமா, இல்ல கொச்சிக்கே திரும்பிப் போய்க் குடிச்சுக்கலாமா, வரும் வரும் கேப்டன், அடுப்பு ஆடுது, ஆள் ஆடறான், பால் ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு என்கிறேன், அவள் சிரித்த சிரிப்பில் பாதியைக் காற்று கொண்டுபோய்விடுகிறது, கொச்சியை விட்டு இது மூன்றாம் நாள் காலை, மதியத்துக்குள் மாலத்தீவின் வடகோடித் தீவு வந்துவிடும், அதற்குள் அவளுக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

இதே பாத்திரம்தான், இதே அடுப்புதான், போன மாதம் கொச்சியில் மைனாவை வாங்கிய அன்று, முப்பத்து நாலு அடிப் பாய்ப்படகு, பதினெட்டு வயசு, எங்களுக்கு முன்னால் யார் யாரோ ஓட்டியது, ஆனாலும் உள்ளே படுக்கிறோம், சமைக்கிறோம், அப்போ வீடுதானேடா, பால் காய்ச்சாம குடிபோவியா என்று என் அக்கா சௌந்தரவல்லி திருச்சியிலிருந்து பாத்திரமும் மஞ்சள் கொத்துமாக ரயிலேறி வந்துவிட்டாள், வந்தவள் இந்த ஆட்டத்துக்குள்ள நான் வர மாட்டேம்ப்பா என்று துறைப் பலகையிலேயே நின்றுகொண்டாள், பூங்கோதை மேலே கயிறுகளோடு மல்லுக்கட்டுகிறாள், கீழே நான் தனியாள், கொதிக்கிற எதையும் பாதிப் பாத்திரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று அன்று காலையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள், புதுசாகச் சேர்ந்தவனின் பக்தியோடு பாதிதான் ஊற்றினேன், பால் எழும்பியது, எழும்பி விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்தபோது, பாழாய்ப்போன கேஸ் அந்த நேரம் பார்த்துத் தீர்ந்துபோனது, பால் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது, வெளியிலிருந்து அக்கா, பொங்குச்சாடா, பொங்கிடுச்சுக்கா, எந்தப் பக்கம் வழிஞ்சுது, கிழக்காலக்கா, படகு அன்று எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்றே எனக்குத் தெரியாது, அக்கா கைகூப்பினாள், பூங்கோதை மேலேயிருந்து என்னை எட்டிப் பார்த்துச் சிரித்தாள், இரண்டு பேரிடமும் சேர்த்துப் பொய் சொன்னவன் நான்.

அவளுக்கோ இது இருபத்தெட்டு வருஷத்து ஆசை, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் ஆனால் சின்னப் பாய்ப்படகில் ஏறிவிடுவாள், நான் ரயிலில் டி.டி.ஆர்., தரையில் ஓடுகிற வண்டியைத் தவிர வேறெதையும் நம்பாதவன், வாங்கிய பிறகு துறைமுக வாயைத் தாண்டி மூன்று தடவை வெள்ளோட்டம் போனோம், மூன்று தடவையும் குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தி, மூன்றாவது தடவை என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள், மாலத்தீவு வரைக்கும் ஒரே ஒரு பயணம், அங்க போய்ச் சேர்ந்ததும் உண்மையைச் சொல்லிடுங்க, ஒத்துவரலேன்னா வித்துடுவோம், கோட்டயத்துக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டுதான் இருக்கார், எனக்கு வருத்தமே இல்ல, வருத்தமே இல்லை என்று சொல்கிறவளின் இன்னொரு கை படகின் விளிம்பை விடாமல் தடவிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்காத மாதிரி நான் வாயைக் கொப்பளித்தேன்.

என்னென்ன சட்டங்கள், அம்மாடி, எங்கே நகர்ந்தாலும் ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டே நகர வேண்டும், வேலைக்கு மிச்சமிருக்கிற கை போதும், வார்க் கொக்கியை மாட்டாமல் படியேறக் கூடாது, அட்டைப் பெட்டி உள்ளே வரவே கூடாது, அதன் மடிப்புக்குள்தான் கரப்பான் முட்டை வரும், கோழி முட்டைக்கு எண்ணெய் தடவி வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் புரட்டிவிட வேண்டும், அடுப்பருகே லுங்கியோடு நிற்கக் கூடாது, கொதிப்பது கொட்டினாலும் சுடாத ரப்பர் பேன்ட்டைப் போட வேண்டும், வயிற்றைக் காலியாக விடக் கூடாது, இஞ்சியை மெல்ல வேண்டும், அடிவானத்தைப் பார்க்க வேண்டும், பாயைக் குறைக்கலாமான்னு முதல் தடவை தோணும்போதே குறைச்சிடணும், ரெண்டாவது தடவை தோணற வரைக்கும் காத்து நிக்காது, சந்தேகம்னா என்னை எழுப்புங்க, பத்து தடவை தப்பா எழுப்பினாலும் திட்ட மாட்டேன், எழுப்பாம விட்டீங்கன்னா பேசவே மாட்டேன், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவளுக்குத் தெரியாமல் ஒரு தூக்கு இட்லி மாவைப் படுக்கைக்கடியில் ஒளித்து வைத்தேன், கடல் சூட்டில் முதல் நாள் மத்தியானமே அது மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி என் போர்வை, தலையணை, வரைபடம் என்று எல்லா இடத்தையும் பார்த்துவிட்டு வந்தது, பொங்க வேண்டிய பால் பொங்கவில்லை, பொங்கக் கூடாத மாவு பொங்குகிறது, என் ராசி அப்படி, பக்கெட்டைக் கட்டிக்கொண்டு நான் வாந்தியெடுக்க அவள் மாவைத் துடைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் நேற்று, நேற்று மத்தியானம், மூன்று மணி நேரம் அவள் முறை மூன்று மணி நேரம் என் முறை, அப்போது என் முறை, அவள் கீழே வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், வடக்கே கடலுக்குமேல் மையால் கோடிழுத்த மாதிரி ஒரு கறுப்பு, பாயைக் குறைக்கலாமோ என்று தோன்றியது, அதுதான் முதல் தடவை, பாவம், இப்போதுதானே கண்ணயர்ந்தாள், இன்னும் பத்து நிமிஷம் தூங்கட்டுமே, வெறும் மேகமாகவும் இருக்கலாம், படியிலிருந்து குனிந்து பார்க்கிறேன், ஆடுகிற மரப்பலகையில் போர்வைக்குள் ஒரு உருவம், திடீரென்று அது எஸ்-செவன் பெட்டி ஆகிவிடுகிறது, லோயர் பெர்த், வெளியே அரியலூரோ விருத்தாசலமோ ஓடுகிறது, முப்பத்திரண்டு வருஷம் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பியே சம்பளம் வாங்கியவனடா நீ, கலெக்டரை எழுப்பியிருக்கிறாய், கல்யாண மாப்பிள்ளையை எழுப்பியிருக்கிறாய், கட்டின பெண்டாட்டியை எழுப்பக் கையில்லையா, குனிந்து பலகையை இரண்டு தட்டுத் தட்டினேன், டிக்கெட், டிக்கெட், பூங்கோதை விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, ஒரு நொடி என்னைப் பார்த்தாள், அடுத்த நொடி என் தோளுக்குப் பின்னால் வானத்தைப் பார்த்தாள், கொக்கியை மாட்டிக்கொண்டு மேலே வந்தாள்.

காத்தைப் பார்த்துத் திருப்புங்க, அப்படியே பிடிச்சுக்கோங்க, விட்டுடாதீங்க, அவள் பாய்மரத்தடியில் நின்று பெரிய பாயைப் பாதிக்கு இறக்கிக் கட்டுகிறாள், நான் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், பொங்காத பால்தான் இப்படி வந்து கேட்கிறது, சாமி, என் பொய்க்கு அவளைப் பலி கேட்காதே என்று வேண்டிக்கொள்கிறேன், கடைசி முடிச்சு விழுந்து அவள் தவழ்ந்து திரும்பி வந்து உட்கார்ந்தாள், அப்போது வந்தது காற்று, ஊளையிட்டுக்கொண்டு, மைனா ஒரு முறை குனிந்தாள், நிமிர்ந்தாள், தன்பாட்டுக்குப் போனாள், அவ்வளவுதான், பிறகு மழை, நல்ல தண்ணீர் மழை, உப்புக் கரித்துக் கிடந்த இரண்டு கிழங்களும் சோப்பைக் கொண்டுவந்து தலைக்குத் தேய்த்துக்கொண்டு குளித்தோம், சரியான நேரத்துல எழுப்பினீங்க, இல்லேன்னா பாய் கிழிஞ்சிருக்கும் என்றாள், உத்தியோகத்தில் ஒருவன்கூட எழுப்பியதற்காக என்னைப் பாராட்டியதில்லை, எனக்கு அப்படியொரு சந்தோஷம், பசி வேறு, டப்பாவில் இருந்த எலுமிச்சம் சாதம் முழுக்க மழையோடு சேர்த்து நானே தின்றுவிட்டேன், காலையிலிருந்து வாந்தி வரவில்லை என்பது கடைசி வாயில்தான் உறைத்தது.

தீவு வந்துவிட்டது, முதலில் தென்னந்தலைகள், அப்புறம் வெள்ளை மணல், நங்கூரம் போட்டோம், மஞ்சள் கொடி ஏற்றினோம், அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை இறங்கக் கூடாது, தண்ணீர் அசையவே இல்லை, அவள் காய்ந்த கயிற்றை மறுபடி மறுபடி சுற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், கோட்டயத்துக்காரருக்கு என்னன்னு சொல்லட்டும் என்றாள், நான் கீழே இறங்கினேன், ஐஸ் பெட்டியில் இருந்த பால் பாக்கெட் அத்தனையையும் பிரித்து விளிம்பு வரை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தேன், பின்னாலேயே வந்தவள், என்ன பண்றீங்க, பாதிக்கு மேல ஊத்தாதீங்கன்னு எத்தனை தடவை, என்று ஆரம்பித்தாள், பூங்கோதை, அன்னிக்குப் பால் பொங்கலை, நான் பொய் சொன்னேன் என்றேன், அவள் படியில் உட்கார்ந்தாள், தெரியும் என்றாள், தெரியுமா என்றேன், பொங்கியிருந்தா அந்த அடுப்பை யாரு துடைச்சிருப்பா, நான்தானே, அது பளபளன்னு இருந்துச்சு, அப்புறம் ஏன் கேட்கலே என்றேன், நீங்க இங்கயே இருக்கணும்னு நினைச்சாத் தானா காய்ச்சுவீங்கன்னு விட்டுட்டேன் என்றாள், சுவர் நேராக இருந்தது, மேஜை நேராக இருந்தது, சட்டை சுவரோடு ஒட்டித் தொங்கியது, பால் மட்டும் எழுந்து, எழுந்து, நுரையோடு விளிம்பைத் தாண்டி வழிந்தது, நெருப்பு சொய்யென்றது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் குரலில், எந்தப் பக்கம்டா வழிஞ்சுது என்றாள், இந்தத் தடவை நான் ஏறிப்போய்த் திசைகாட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன், தெற்கால என்றேன், அப்போ நாளைக்குத் தெற்கே போவோம் என்றாள்.