அம்சாவின் நூல்

டெல்லி விவசாயிகள் மாநாட்டுக்குத் தண்டபாணி நான்கு நாள் போய்வந்ததிலிருந்து உத்திரமேரூரில் குளிர் தாங்க முடியாததாகிவிட்டது. அந்த 2002 மார்கழியில் ஊர் முழுக்க ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனது. அவருக்கு மட்டும் தலைவழியாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வளையக் கம்பளி வேண்டியிருந்தது.

"மேடும் பள்ளமுமா இருக்கணும், அஞ்சாறு கலர் ஓடணும். அங்க பெரிய ஆளுங்கல்லாம் அதான் போட்டுக்கினு கீறாங்க" என்று மனைவி கனகாவிடம் சொன்னார்.

கடைத்தெருவில் ஒரே நிற உல்லன் நூல்தான் கிடைத்தது. நிறம் மாறி மாறி ஓடும் நூல் அந்த வீட்டிலேயே இருந்தது, பரண்மேல் அம்சாவின் பெட்டியில்.

அம்சா முதல் மனைவி. ஆறு வருஷத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் போனவள். வருஷா வருஷம் அவள் நினைவுநாளுக்குப் பேருந்து நிலையம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டுவார்: 'உன் மூச்சில் வாழ்கிறேன்'. அதில் அவள் முகத்தைவிட அவர் முகம் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கனகா வாழ்க்கைப்பட்டு வந்த இந்த மூன்று வருஷத்தில் எதைத் தொட்டாலும் அது அம்சா தொட்டதாகவே இருந்தது. உப்பு ஜாடியைத் திறந்தால்கூட, யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் கை நின்றுவிடும்.

பெட்டிக்குள் பாதி பின்னிய துண்டு ஒன்று ஊசியோடு கிடந்தது. கனகா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பிரித்தாள். பிரித்தும் நூல் நேராகவில்லை. ஒவ்வொரு கண்ணியின் சுருளும் அதில் அப்படியே நின்றது. தனக்குத் தெரிந்த தினுசில்தான் பின்ன ஆரம்பித்தாள். பத்து வரிசைக்குப் பிறகு விரல்கள் தன்னாலே பழைய வளைவுகளில் போய் உட்கார்ந்தன. அவர் கண்டுபிடித்துவிடுவார், பெட்டியைத் தொட்டாயா என்று வீடு இரண்டாகும், இல்லை, உட்கார்ந்து அழுவார். இரண்டில் எது நடந்தாலும் இந்த வீட்டில் தன் இடம் எதுவென்று தெரிந்துவிடும்.

தண்டபாணி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினார். "ஜோரா கீது. எங்க வாங்கன இந்த நூல?"

"காஞ்சிபுரத்துல" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது.

அவர் பஜனை கோஷ்டிக்குக் காட்டப் போய்விட்டார். மூன்று வருஷமாகத் தான் பயந்த பெண் அவருக்குள் எங்குமே இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கனகா எழுந்து கொல்லைக்குப் போய் நின்றாள்.

ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து சாணி அள்ள வரும் அம்முலு, கொல்லைக்குள் நுழையும்போதே கேட்டாள்: "இன்னாம்மா, தெருவுல பாத்தேன், அய்யா கழுத்துல கீறது அம்சாம்மா நூலாச்சே! கடைசி மாசம் பூரா அவரு எதிர்லயே குந்திக்கினு பின்னிச்சே!"

கனகா அங்கிருந்த துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். "அவங்களுக்கு... இன்னா புடிக்கும் அம்முலு?"

"சுட்ட வேர்க்கடல. எங்க வூட்டாண்ட வந்து துண்ணும், அய்யாவுக்குத் தெரியாம. இதெல்லாம் யாரு கேட்டாங்க என்னிய?"

பஜனையிலிருந்து திரும்பியவரின் குரல் உள்ளேயிருந்து வந்தது: "ஏய்! காபி!"

"அந்தம்மாவயும் இப்டித்தான் கூப்டுவாரு" என்றாள் அம்முலு, குனிந்து சாணியை வழித்தபடி. "பேரு சொல்லி நான் கேட்டதில்ல."

"ஏய்!"

கனகா எழவில்லை. கல்லின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் இன்னொருத்தி உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.