வயிற்று வலிப் பதிவேடு

என் பெண்ணுக்கு வயிற்று வலி நின்றுபோன அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அவள் மட்டும் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்துவிடுவீர்கள். முழுக்கக் கேட்ட பிறகு நினைத்தால் நான் தடுக்கப்போவதில்லை.

புஜ்ஜிக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. பள்ளிக்கூட வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தால் போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். ஸ்கேன் எடுத்தோம், ரத்தம் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். நான் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி சிரப்புக்கு எத்தனை அப்பா அம்மாக்கள் வந்து நிற்பார்கள் என்று எனக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில்கூடப் போகாது. இவ்வளவு தெரிந்த மகராசி என்ன செய்திருக்க வேண்டும்? நானும் வீட்டுக்கு ஒரு பாட்டில் வாங்கிவந்து ஸ்பூனில் ஊற்றினேன்.

கடைசியில் குழந்தை மருத்துவர்தான் உட்காரவைத்துச் சொன்னார். “வயித்துல ஒண்ணும் இல்லம்மா. வாரத்துக்கு மூணு பரீட்சை, ரெண்டு டியூஷன்னா எனக்கே வலிக்கும். பள்ளிக்கூடத்த மாத்திப் பாருங்க.”

“மாத்திடலாம் டாக்டர்” என்று இவர் தலையாட்டினார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன். “அடுத்த தெருவுல ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கே, அங்க போடலாமா? பரீட்சையே அவ்வளவா கிடையாதாம். மத்தியானம் பாத்தா பிள்ளைங்க மரத்துல தொங்கிட்டிருக்குங்க.”

“மரத்துல தொங்க விடவா பெத்தோம்?” என்றார். “அக்காகிட்ட பேசிட்டேன். அவங்க ஊர்ல பதினாலு வயசு வரைக்கும் பரீட்சையே கிடையாதாம். வீட்டுப்பாடம் கிடையாதாம். பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போகுதுங்களாம். புஜ்ஜிக்காக நாம அங்க போறோம்.”

அக்கா என்றால் என் நாத்தனார். வெளிநாட்டில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார். அடுத்த தெருவில் பரீட்சை இல்லை என்றால் அது மட்டமான பள்ளிக்கூடம். அதுவே பத்து மணி நேரம் விமானத்தில் போய் இறங்கிப் பரீட்சை இல்லை என்றால் முன்னேறிய நாடு. நல்ல கணக்கு! ஆனால் இவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் தங்கைக்குப் போன் போட்டு, “எல்லாம் குழந்தைக்காகத்தான்டி, எனக்கென்ன ஆசையா?” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே, புதிதாக வாங்கிய குளிர்கோட்டைக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தவள்தான் நானும்.

விண்ணப்பம் போட ஓர் ஆலோசகரைப் பிடித்தோம். செருப்புக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். மனிதர் மூச்சுக்கு மூச்சு ‘கேஸ், கேஸ்’ என்பார். அதனால் வீட்டில் அவருக்குக் ‘கேஸ் சார்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

“வெறுமனே வேலைக்குன்னு போட்டா கூட்டத்தோட கூட்டமா நிக்கணும் மேடம். குழந்தையோட நலனுக்காகன்னு போட்டா நம்ம கேஸ் தனியாத் தெரியும். ஆனா வலிக்குதுன்னு வாயால சொன்னா யார் நம்புவா? ரெக்கார்டு வேணும்” என்றார்.

ரெக்கார்டு என்றதும் இவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு லிஃப்டுக்கும் பதிவேடு வைத்து, தினம் எழுதி, கையெழுத்துப் போடுவதுதான் இவருடைய பிழைப்பு. அன்று மாலையே ஒரு நீள நோட்டில் கோடு போட்டார். தேதி, நேரம், பழுதின் தன்மை, எவ்வளவு நேரம் நீடித்தது, மேற்பார்வையாளர் கையொப்பம். பெற்ற மகளின் வயிற்றுக்கு! முதல் வரி இன்னும் எனக்கு மனப்பாடம். ‘காலை 7.10. வயிறு. கடுமை பத்துக்கு எட்டு. வேன் போனதும் சரியானது.’ கேஸ் சார் கடைசி வாக்கியத்தை மட்டும் அடிக்கச் சொன்னார்.

அடுத்ததாக டி.சி. வாங்கச் சொன்னார். வாங்கினோம். புஜ்ஜி வீட்டில் இருந்தாள். வேன் வரவில்லை. பழைய காலண்டர் தாள்களில் கப்பல் செய்தாள், எதிர்வீட்டுப் பூனைக்கு நாள் முழுக்கப் புத்திமதி சொன்னாள், கண்டபடி பாடினாள். பதினோராம் நாள் பார்த்தால் பதிவேட்டில் வரிசையாக நாலு வரி காலி. வலி போயே போய்விட்டது.

அந்த நாள்தான் நான் முதலில் சொன்ன நாள்.

இவர் கேஸ் சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “நோட்டுல ஓட்டை விழுந்தா கேஸ்லயும் ஓட்டைதான் சார். விசா இண்டர்வியூ வரைக்கும் குழந்தைய கொஞ்சம் பாத்துக்குங்க” என்றது குரல். குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று இவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

“அவதான் நல்லாயிட்டாளே. அப்புறம் எதுக்குங்க போகணும்?” என்று மெதுவாக இழுத்தேன்.

“வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்தாச்சு. சோபாவ வித்தாச்சு. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. இப்ப போய் வலி நின்னுடுச்சுன்னு சொல்லச் சொல்றியா?” என்று சீறினார். பிறகு குரலைத் தணித்து, “பழுது இல்ல, பழுது இல்லன்னு எழுதிக்கிட்டே இருந்தா எந்த பில்டிங்காரன் புது லிஃப்ட் போடுவான், சொல்லு” என்றார்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் நோட்டும் பேனாவுமாக இவர் உட்காருவார். “இன்னிக்கு வலிச்சுதா கண்ணா?” என்பார். “இல்லப்பா” என்பாள். இவர் முகம் சுருங்கிப்போகும். நாலு நாள் அப்படிப் போனது. புஜ்ஜி வகுப்பில் முதல் ரேங்க் எடுத்தவள். கேட்கிறவர்களுக்கு என்ன பதில் வேண்டும் என்று கண்டுபிடிக்க அவளுக்கு நாலு நாளே அதிகம். ஐந்தாம் நாள், “கொஞ்சமா வலிச்ச மாதிரி இருந்துதுப்பா” என்றாள்.

“வெரி குட்!” என்றுவிட்டார் இவர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் குழந்தையின் முகம் மலர்ந்துவிட்டதே, அதை என்ன செய்வது?

மறுநாள் முதல் நோட்டை அவளே எழுத ஆரம்பித்தாள். ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டு, எழுத்தெல்லாம் முத்து முத்தாக. “அப்பா, நேத்து ஆறு போட்டேன். இன்னிக்கு ஏழு போடவா?” என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவாள். ஊரிலேயே தன் வலியை வீட்டுப்பாடமாகச் செய்த ஒரே குழந்தை என் குழந்தையாகத்தான் இருக்கும்.

இதற்கு நடுவில் வகுப்புகள் வேறு. பரீட்சை இல்லாத நாட்டுக்குப் போக அந்த நாட்டு மொழியில் ஒரு பரீட்சை எழுத வேண்டுமாம். அதற்குப் புஜ்ஜிக்குக் காலையில் ஒரு டியூஷன். அங்கே எல்லாக் குழந்தைகளும் நீந்துமாம், அதற்குச் சாயங்காலம் ஒரு வகுப்பு. சனிக்கிழமை நாத்தனார் வீடியோவில் வந்து அதிகாரி மாதிரி உட்கார்ந்து இண்டர்வியூ ஒத்திகை நடத்துவார்.

“எப்படி இருக்கேன்னு கேப்பாங்க. என்ன சொல்லணும்?”

“எனக்கு அடிக்கடி வயிறு வலிக்கும்.”

“சரி, ஆனா சொல்லும்போது ஏன் பல்லக் காட்டறே? இப்ப சிரிக்காத கண்ணு. இங்க வந்து சிரிச்சுக்கலாம்.”

எனக்கு வயிறு எரிந்தது. போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். “அத்தை சொல்றத நல்லா கேட்டுக்கோ” என்றாவது சொல்லாமல் இருந்தேனே, அதுவரைக்கும்தான் என் வீரம்.

இண்டர்வியூவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு காலையில் புஜ்ஜி சமையலறை வாசலில் சுருண்டு விழுந்தாள். வேனும் இல்லை, ஹாரனும் இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை. இது நோட்டுக்காக இல்லை என்று பெற்றவளுக்குத் தெரியாதா? இவர் பாய்ந்து வந்தார். வந்தவர் கையில் நோட்டு இருந்தது. பாவம், வேண்டுமென்று இல்லை, வேலைப் பழக்கம். லிஃப்ட் நின்றால் முதலில் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

“போதுங்க. இத்தோட விட்டுடலாம்” என்று அழுதேன்.

“நாலே நாள்தானே. அப்புறம் அவளுக்கு ஜென்மத்துக்கும் நிம்மதி” என்றார். நாலே நாள்தானே என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் என்னையே அறையலாம்போல இருக்கிறது.

இண்டர்வியூ அறையில் நீள மேசை. அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் நம் மொழி தெரிந்த ஒரு பெண். இவர் பதிவேட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி நாலு பக்கம் புரட்டினார், நெற்றியைச் சுருக்கினார், அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார்.

“இது என்ன நோட்டுன்னு கேக்கறார் சார். அவங்க குடுத்த பட்டியல்ல இது இல்லையாம். லிஃப்ட் வேலைக்கு அங்க ஆள் தேவைப்படுது, உங்க வேலைச் சான்றிதழ் இருந்தா போதும்னு சொல்றார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிகாரி நோட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டு, புஜ்ஜியைப் பார்த்துச் சிரித்தபடி ஏதோ கேட்டார். நல்ல மனிதர், பேத்தி வயதுக் குழந்தையிடம் பேசுகிற சிரிப்பு.

“எப்படி இருக்கேன்னு கேக்கறார் பாப்பா” என்றாள் அந்தப் பெண்.

“நல்லா இருக்கேன்” என்று புஜ்ஜியும் சிரித்தாள்.

அடுத்த நொடி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. “இல்ல, இல்ல... தப்பாச் சொல்லிட்டேன். அப்பா, தப்பாச் சொல்லிட்டேன்ப்பா. இன்னொரு தடவ கேக்கச் சொல்லுங்க. இப்ப கரெக்டாச் சொல்லிடறேன்.” உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பெண் மொழிபெயர்க்காமல் விழித்தாள். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து குழந்தையை வாரி அணைத்துக்கொண்டேன். “நீ சொன்னதுல தப்பே இல்லடி தங்கம். மொதல்ல சொன்னதுதான் கரெக்ட்” என்றேன். அந்தப் பெண்ணிடம் திரும்பி, “அந்த நோட்டுல இருக்கறது பாதி நாங்க எழுத வெச்சதும்மா. அப்படியே சொல்லிடுங்க அவர்கிட்ட” என்றேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதிகாரியின் சிரிப்பு நின்றது. பதில் தபாலில் வரும் என்று எங்களை அனுப்பிவிட்டார்கள்.

வெளியே மாடிப்படியில் இறங்கும்போது வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். இவரை, இவர் அக்காவை, கேஸ் சாரை, வாயை மூடிக்கொண்டிருந்த என்னை. “விசா வரட்டும், வராமப் போகட்டும், நாளையிலிருந்து என் பொண்ணுக்கு நோட்டும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது” என்று கத்தினேன். படியேறி வந்த இரண்டு குடும்பங்கள் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டன. இவர் பேயறைந்த மாதிரி நின்றார்.

புஜ்ஜி ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். இவர் அதைப் பார்த்துவிட்டு அவள் எதிரில் படியிலேயே மண்டியிட்டார். கையில் பேனா இல்லை, காகிதம் இல்லை. “கண்ணா, யாருக்காகவும் இல்ல. அப்பாவுக்குத் தெரியணும், அவ்வளவுதான். இப்ப வலிக்குதாடா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன சொல்லணும்ப்பா?” என்று கேட்டாள்.