பெரட்டில் ஒரு கல்குலேட்டர்

எழுபத்தெட்டில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை ஒரே ஒன்று வந்தது. சிரம்பானில் பரீட்சை. தேறினால் ஆபீஸ் நாற்காலி. தேறாவிட்டால் மறுநாளே வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டி என் பேரைப் பால்வெட்டில் சேர்த்துவிடுவார். எனக்கு நாற்காலிதான் வேண்டும், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதற்காகவே லுக்குட் டவுனில் ஒரு கல்குலேட்டர் வாங்கினேன். அதைப் பரீட்சைக்குக் கொண்டுபோகலாமா என்பதுதான் தெரியவில்லை.

சிரம்பானைக் கேட்க ஆபீஸில் போன் இருந்தது. ஆனால் எங்கள் தோட்டத்தில் யாரும் நேராக ஆபீஸ் படி ஏறிவிட முடியாது. முதலில் மண்டோரிடம் சொல்ல வேண்டும். கல்குலேட்டரைக் கொண்டுபோகலாமா என்று கேட்கச் சொன்னேன்.

"தோட்டத்த விட்டு வெளிய போவணும்னா தொரை உத்தரவு வேணும்லா. உத்தரவுக்குப் பெரட்டுல பேர் இருக்கணும். இதுக்கு இருக்கா?"

"மாமா, இது மெஷினு."

"வேல செய்யுதில்ல? அப்ப பேர் போட்டுத்தான் ஆவணும்."

விடிகாலைப் பெரட்டில் எல்லார் பேரையும் கூப்பிட்டு முடித்து, "கல்குலேட்டர்" என்றார். தூக்கிக் காட்டினேன். வரிசையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்குத்தான் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

மண்டோர் பெரிய கிராணி சீவரத்தினத்திடம் சொன்னார். அவர் துரையிடம் போய்வந்து என்னைக் கூப்பிட்டார்.

"துரை சம்மதிச்சிட்டார். தோட்டத்துக்கு ஓராள்தான் எழுதலாம். கல்குலேட்டர் எழுதும் எண்டு சிரம்பானுக்குப் போனில சொல்லிப்போட்டன்."

"அப்ப நானு, ஐயா?"

"உனக்கு நீ உத்தரவு கேக்கேல்லையே, பிள்ளை."

கேட்கவில்லைதான். மறுபடி மண்டோரிடமிருந்து தொடங்கினால் பரீட்சை போய்விடும். விடிந்ததும் பஸ் ஏறினேன்.

பரீட்சை மண்டப வாசலில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க தோட்டத்துக்கு ஒரு ஆளுதான். பேரு?"

"கல்குலேட்டர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார். "அப்ப இது யாரு?"

"எனக்குத் துணைக்கு வந்திச்சு."

"துணைக்கெல்லாம் உள்ள எடம் இல்ல. வெளிய வச்சிட்டு வா."

அதை வெளியே பெஞ்சில் வைத்துவிட்டு, எல்லாக் கணக்கையும் விரல்விட்டே போட்டேன். கல்குலேட்டர் தேறியது. ஆபீஸில் நாற்காலி கிடைத்தது.

செல்லம்மா பரீட்சைக்கே போகவில்லை என்று மண்டோர் அவளைப் பால்வெட்டில் சேர்த்துவிட்டார். அது என் பேர்தான். பெரட்டில் தினமும் கூப்பிடுகிறார்கள். ஜன்னல் வழியாக எனக்கு நன்றாகவே கேட்கிறது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாக இல்லை.