நாலாம் ஃபிளாப்பியில் ஒரு பொட்டு

முதல் மூன்று ஃபிளாப்பிகளும் ஒழுங்காக உள்ளே போய், கேட்டதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தன. நாலாவதைக் காகித உறையிலிருந்து உருவியபோது நூர்ஜானின் கை அப்படியே நின்றது. கறுப்பு அட்டையில், உள்ளே சுழலும் தட்டு தெரிவதற்காக விட்டிருக்கும் நீள்வட்டத் திறப்பில், காய்ந்துபோன சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

கோவையிலிருந்து வந்திருந்த சர்வீஸ்காரர் எட்டிப் பார்த்தார். அதை டிரைவில் போட்டால் டிரைவும் சேர்ந்து போய்விடும், குப்பையில் போடுங்கள் என்றார். புது ஹார்ட் டிஸ்க் பொருத்தியாகிவிட்டது, தன் வேலை அவ்வளவுதான் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

1991, அக்டோபர். லிங்கசாமியின் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்து பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. சாய மாஸ்டர் கந்தவேலின் நோட்டு ஒருநாள் சாயத் தொட்டியில் விழுந்து இருநூறு கலர்களின் கணக்கு நீலமாகக் கரைந்துபோனதால் வந்த கம்ப்யூட்டர் அது. எந்தக் கலருக்கு எத்தனை கிராம் சாயம், எவ்வளவு உப்பு, எத்தனை டிகிரி சூடு என்பதெல்லாம் அதன்பிறகு அதற்குள் போனது. உள்ளே போட்டவள் நூர்ஜான். அதற்கு முன் ஆறு வருடம் செக்கிங் மேஜை முன்னால் நின்றபடி பனியன்களைத் திருப்பித் திருப்பி ஓட்டை பார்த்தவள். சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தானே போய் முதலாளியிடம் வேலை கேட்டாள். உட்கார்ந்து வேலை செய்கிற நாற்காலி அவளுக்கு அப்படிக் கிடைத்தது.

சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் நாலு ஃபிளாப்பியில் பேக்கப் எடுத்து டிராயரில் வைப்பாள். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்று காலை சுவிட்சைப் போட்டபோது ஹார்ட் டிஸ்க் உயிரோடு இல்லை. அப்போதும் அவள் பதறவில்லை. போன சனிக்கிழமை பேக்கப் இருக்கிறதே.

காலையில் லிங்கசாமி குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "திங்கக்கெழம ஏஜென்ட் வர்றாரு. அந்த 412ஆம் நெம்பர் பச்சை மறுபடியும் வேணுமாமா. இன்னைக்கு ஆறு மணிக்குச் சாயத் தொட்டி ஏத்தோணும். அது வந்துட்டா இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி இருக்கட்டும். இல்லீன்னா மாஸ்டருக்கு நோட்டு வாங்கிக் குடுத்தர்றேன். நீ பழையபடி செக்கிங்குக்குப் போயிரு கண்ணு."

412 இந்த வருடத்துக் கலர். கடைசியாக ஏறியது. நாலாவது ஃபிளாப்பியில்தான் இருந்தது.

நூர்ஜான் அதைக் குப்பையில் போடவில்லை. கைக்குட்டையில் வைத்து எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே தெய்வாத்தாள் இருந்தாள். ஏற்றுமதிக்குப் போகிற வெள்ளைப் பனியனில் எண்ணெய்க் கறை, துருக் கறை எது பட்டாலும் துணி நோகாமல் எடுக்கிற வேலை அவளுடையது.

தெய்வாத்தாள் ஃபிளாப்பியைத் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். "சந்தனத்தத் தண்ணி விட்டுக் குழைச்சிருக்குது. தண்ணியிலயே போயிரும். தேய்ச்சாத்தான் கெடும். ஆமா, இது என்ன நூரு, பொட்டு வெச்சுப் பொண்ணு பாக்க அனுப்பறீங்களா?"

நூர்ஜானுக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையை வெட்டினால்தான் தட்டை வெளியே எடுக்க முடியும் என்றாள். வெட்டுவதற்கு முன் ஒன்று செய்யச் சொன்னாள் தெய்வாத்தாள். புதுத் துணி வந்தால் அவள் முதலில் உள்தையலில்தான் கறை எடுக்கிற மருந்தைத் தொட்டுப் பார்ப்பாள். அதுபோல ஒன்றுக்கும் ஆகாததை முதலில் கழுவிப் பார்க்கலாமே?

நூர்ஜான் ஒரு காலி ஃபிளாப்பியில் நாலு வரி அடித்து ஏற்றிக்கொண்டு வந்தாள். நூல் வெட்டும் டிரிம்மரால் ஓரத்தைப் பிளந்ததும் மெல்லிய பழுப்புத் தட்டு நழுவி வந்தது. அட்டையின் உள்பக்கம் பூராவும் வெள்ளையாய் மெத்தென்று ஒரு துணி ஒட்டியிருந்தது. தெய்வாத்தாள் அதை விரலால் தடவிப் பார்த்து, இதுக்குள்ளயும் துணிதானா என்று கேட்டுக்கொண்டாள்.

போர்வெல் தண்ணீர் ஆகாது, காய்ந்தால் உப்புப் பூக்கும் என்றாள். பாய்லருக்கு வருகிற நல்ல தண்ணீர் கந்தவேலின் பொறுப்பில் இருந்தது. நூர்ஜான் போய்க் கேட்டபோது அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். "என்ற நோட்டு நனைஞ்சுதுன்னு பொட்டி வாங்குனாங்க. இப்ப பொட்டியோடத நீங்களே நனைக்கறீங்க" என்றவர், ஒரு குவளையோடு நிறுத்தாமல் ஒரு வாளி நிறையவே பிடித்துக் கொடுத்தார்.

காலி ஃபிளாப்பியின் தட்டைக் கழுவி, காயவைத்து, வேறொரு அட்டைக்குள் செருகிப் போட்டார்கள். நாலு வரியும் திரையில் வந்தது.

அதன்பிறகே நாலாம் ஃபிளாப்பியைப் பிளந்தார்கள். சோப்பை ஒரு சொட்டு விட்டுக் கலக்கிய தண்ணீரில் தெய்வாத்தாள் தட்டைக் கிடத்தி, கையால் தொடாமல் வாளியை மட்டும் மெல்ல அசைத்தாள். சந்தனம் ஊறி, விட்டு, அடியில் தங்கியது. இரண்டு தரம் நல்ல தண்ணீரில் அலசி, வெட்டிப்போட்ட பனியன் துணியின் மேல் வைத்து, இன்னொரு துணியால் ஒற்றி எடுத்தாள். நடுத் துளையின் ஓரமாக மட்டும் லேசாக ஒரு மஞ்சள் நின்றது. அதைத் தொட வேண்டாம் என்றாள்.

தட்டு கம்ப்யூட்டர் மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்தபோது லிங்கசாமி வந்தார். மணி ஐந்து. மேஜையில் கிடந்த பிளந்த அட்டையையும் அதில் ஒட்டியிருந்த குங்குமத்தையும் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"நான் வெச்சதுதான்" என்றார்.

பூஜையன்று நூர்ஜானே ஒரு சீட்டு எழுதிக் கம்ப்யூட்டர் உறைமேல் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள், இதன்மேல் எதுவும் வைக்க வேண்டாம் என்று. எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு இதை மட்டும் விட அவருக்கு மனசு கேட்கவில்லை. டிராயரைத் திறந்தார். மேலாக இருந்த ஃபிளாப்பி ஒன்றை எடுத்து உறையிலிருந்து உருவினார். அதில் நெற்றி மாதிரி ஓர் இடம் இருந்தது.

தெய்வாத்தாள் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

"தப்பு எம்மேலதான்" என்றார் லிங்கசாமி. "ஆனா 412 வேணுமே கண்ணு."

நூர்ஜான் தட்டைப் புது அட்டைக்குள் செருகி டிரைவில் விட்டாள். டிரைவ் இரண்டு தரம் கரகரத்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. அவள் உடனே வெளியே எடுத்துவிட்டாள். இன்னும் நாலு தரம் அப்படிச் சுழன்றால் இருப்பதும் தேய்ந்துவிடும்.

பின்னாலிருந்து தெய்வாத்தாள் மெதுவாகக் கேட்டாள். "பனியனுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம்னு இருக்கறாப்பல இதுக்கும் இருக்குதா நூரு?"

இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு. எது மேல் என்று கழுவும்போது யாரும் கவனிக்கவில்லை. நூர்ஜான் தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நடுத் துளையின் ஓரம் அந்த மஞ்சள். உறையிலிருந்து உருவியபோது லேபிள் இருந்த பக்கத்தில்தான் பொட்டைப் பார்த்தாள். மஞ்சள் மேலே வருமாறு திருப்பிச் செருகினாள்.

இந்தத் தடவை டிரைவ் கரகரக்கவில்லை. ஒரே சீராக ஓடியது. திரையில் கலர் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. 388, 389. நடுவில் மூன்று எண்கள் வரவில்லை. அவற்றைத் தாண்டி மறுபடி இறங்கின. 410. 411. 412.

கணக்குக்காக வந்து நின்ற கந்தவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டார். "உன்ற பொட்டியும் இருக்கட்டும் பாப்பா, இதுவும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தொட்டி ஏற்றப் போனார்.

நூர்ஜான் முதலாளியிடம் சொன்னாள். "இனி ரெண்டு செட்டு எடுக்கறனுங்க. ஒண்ணு இங்க. இன்னொண்ணு உங்க ஊட்டு பீரோவுல இருக்கட்டுமுங்க."

லிங்கசாமி தலையாட்டினார். செக்கிங் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் இரண்டாவது செட் ஃபிளாப்பிகளை வைக்க வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்தார். மூடியில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவரே மூடியைத் திறந்து, சுத்தமாக இருந்த உள்பக்கத்தைக் காட்டினார்.

"மேல மட்டுந்தான் கண்ணு" என்றார்.