கார்டும் டிரைவரும்

சாக்கின் வாயைக் கட்டும்போது கார்டு ஒரு சத்தமும் போடவில்லை. டிரைவர்தான் உள்ளேயிருந்து கிழட்டுக் குரலில் இரண்டு தடவை கத்திவிட்டு, இதுவும் ஏதோ வீட்டு வேலை போலிருக்கிறது என்று அடங்கிப்போனது. தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வாசலில் நின்று ஞானசௌந்தரி சணல் கயிற்றை இறுக்காமல் முடிந்தாள். பக்கத்து வீட்டு லோகநாயகி மதில்மேல் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாக்க மூணு சுத்து சுத்திட்டு குடுக்கா. இல்லாங்காட்டி வழி கண்டுபுட்சி திரும்பி வந்துரும்."

"வந்தா இங்க யாரு இருக்கப்போறா?" என்றாள் ஞானசௌந்தரி. மளிகைக் கடையில் துவரம்பருப்பு வந்துவிட்டதா என்று கேட்கிற குரல்தான் அது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் புருஷன் தேவானந்தத்தை அடக்கம் செய்தபோதும் இதே குரல்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அழாத விதவையைப் பார்த்தால், காப்பி கொடுக்காமல் அனுப்பிவிட்ட மாதிரி ஒரு குறை. சர்ச் சபைப் பெண்கள் வாசல் தாண்டும் முன்பே கிசுகிசுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் காதில் விழத்தான் செய்தது. விழுந்து என்ன, உள்ளே எதுவும் அசைந்தால்தானே.

தேவானந்தம் பீச் - தாம்பரம் எலெக்ட்ரிக் ரயிலில் கார்டு. யார்டில் ஒரு பெட்டிக்கு அடியில் கிடந்த இரண்டு பூனைக்குட்டிகளைத் தொப்பியில் போட்டுக் கொண்டுவந்தார். எங்கே போனாலும் சாம்பல் நிறம் முன்னால், வெள்ளை பின்னால். பெயருக்கு ரொம்ப யோசிக்கவில்லை. முன்னால் போவது டிரைவர், பின்னால் வருவது கார்டு. அதெல்லாம் ஆகி எத்தனையோ வருஷம். இப்போது டிரைவருக்கு வாயில் மிஞ்சியது இரண்டு பல், கார்டுக்கு ஒரு கண்ணில் புரை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வடக்கே பிலாயில் வேலையிலிருக்கும் மகன் அசரியா அம்மாவைக் கூட்டிக்கொள்வதாகச் சொன்னான். நல்ல பிள்ளைதான். பூனைகளைப் பற்றி மட்டும், "கைக்குழந்தை இருக்கிற வீடும்மா, வேண்டாம்," என்று முடித்துவிட்டான். அவன் சொன்னதும் நியாயம்தான், என்ன செய்ய? இரண்டு நாள் ரயிலை அந்தக் கிழங்கள் தாங்குமா என்பது வேறு விஷயம். மீன் மார்க்கெட் பக்கம் விட்டால் எத்தையாவது தின்று பிழைத்துக்கொள்ளும் என்றாள் லோகநாயகி. பல் இல்லாத பூனை மீன் மார்க்கெட்டில் என்னத்தைப் பிடுங்கும்? சபையில் ஒருவர், மாட்டாஸ்பத்திரியில் ஒரே ஊசி, தூக்கம் மாதிரி போய்விடும் என்றார். அங்கேயும் போனாள். கம்பவுண்டர் தலையை நிமிர்த்தாமல், "யாருக்கும்மா?" என்று கேட்டான். "கார்டுக்கு," என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயை மூடிக்கொண்டு அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

கடைசியில் ஜமால் பாய்தான் வழி சொன்னார். ராஜகீழ்ப்பாக்கத்தில் விறகுத் தொட்டி வைத்திருப்பவர், மாதாமாதம் வண்டியில் விறகு கொண்டுவந்து போடுகிறவர். "எங்க வூட்டுக்கு அனுப்பிருங்க. பூனைய நாங்க வெரட்ட மாட்டோம்."

"எலியெல்லாம் பிடிக்காதுங்க பாய், வயசாயிடுச்சு."

"அதுக்கு வேற ஆளுங்க கீதுங்க. இதுங்க பென்ஷன் வாங்குனவங்களாட்டம் சும்மா குந்திகினு இருக்கட்டும்."

விறகு வண்டியிலேயே சாக்கு போயிற்று. பாயின் மனைவி ஜஹீராவுக்கு ஞானசௌந்தரி எல்லாம் சொல்லி அனுப்பினாள். சோற்றைக் குழைய வடிக்க வேண்டும், முள்ளை எடுத்துவிட வேண்டும், கார்டுக்குப் புரை விழாத கண் பக்கம் தட்டை வைக்க வேண்டும். அவளுக்கு எதுவும் மறந்த மாதிரி இல்லை. அன்று மத்தியானம் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், பிசைந்தாள், எழுந்து கையைக் கழுவினாள். மறுநாளும் அப்படியேதான். பசி இல்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் காலையில் ஜஹீராவே பஸ் பிடித்து வந்து நின்றாள். முகம் வாடிக் கிடந்தது.

"அக்கா, நான் இன்னா பாவம் பண்ணேன்னு தெரில. வந்ததுலேர்ந்து ஒரு வாய் தின்னல. பிஸ்மில்லா சொல்லித்தான் வெக்கிறேன். நெத்திலி வெச்சேன், பால் ஊத்தினேன். தட்டாண்ட வந்து குந்துதுங்க. தட்ட பாக்குதுங்க, என் மூஞ்சிய பாக்குதுங்க, மறுபடி தட்ட பாக்குதுங்க. எனுக்கு பயமா கீதுக்கா. செத்துடப் போவுதுங்க."

ஞானசௌந்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்ல மறந்த ஒன்று இருந்தது. தினமும் செய்கிற காரியமாயிற்றே, அதையெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

குட்டிகளாக இருக்கும்போது இரண்டும் தட்டைக் கீழே வைக்கும் முன்பே பாயும். தேவானந்தம் தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொள்வார். "கார்டு கொடி காட்டாம வண்டி எப்படிடா நகரும்?" பிறகு கண்ணை மூடி, ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லி, ஆமென் என்றதும்தான் தட்டு கீழே வரும். பழகிவிட்டன. அதன்பின் தட்டில் மீனே கிடந்தாலும் ஆமென் கேட்காமல் வாய் வைப்பதில்லை. வீட்டுக்கு வந்த போதகர் ஐயரே ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கள் சபையில் பாதிப் பேருக்கு இந்த ஒழுங்கு இல்லை என்று சிரித்தார். தேவானந்தம் போனபிறகு அவளுக்கு ஜெபம் வரவில்லை. எதற்கு ஸ்தோத்திரம் சொல்வது? ஆனால் இரண்டும் தட்டு முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருக்கும். அதனால் வெறும் ஆமென் மட்டும் சொன்னாள். முன்னால் ஒரு வார்த்தையும் இல்லாத மொட்டை ஆமென். பூனைகள் தின்றன, அவளும் சாப்பிட்டாள்.

இதை ஜஹீராவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "நானே வர்றேன்," என்று கிளம்பிவிட்டாள். சேலையூர் வழியாக இருவரும் பஸ்ஸில் போனார்கள்.

விறகுத் தொட்டிக்குப் பின்னால் வீடு. ஜமால் பாயும் வீட்டில்தான் இருந்தார். அவள் வாசனை தெரிந்து டிரைவர் எழுந்து வந்தது. எலும்பு தட்டிய முதுகு. பின்னாலேயே கார்டு. ஜஹீரா குழைந்த சோற்றில் மீனை உதிர்த்துத் தட்டை வைத்தாள். இரண்டும் உட்கார்ந்தன.

"தப்பா எடுத்துக்காதீங்க பாய்," என்று ஞானசௌந்தரி தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஆமென்னு சொல்லணும். எங்க வீட்டுக்காரர் பழக்கிட்டார். சொன்னாத்தான் தின்னும். உங்க வீட்டுல எப்படிச் சொல்லச் சொல்றதுன்னு..."

ஜமால் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "அட, இவ்ளோதானா! இதுக்கா ரெண்டு நாளா இவ அழுதுகினு கெடந்தா? நாங்களும் சொல்றதுதாம்மா. ஆமீன். தொழுது துஆ கேட்டு முடிச்சிட்டு சொல்லுவோம், பூனைக்காக கொஞ்சம் முன்னாடி சொன்னா அல்லா கோச்சிக்க மாட்டான்." தொண்டையைச் செருமிக்கொண்டு நீட்டிச் சொன்னார். "ஆமீன்."

டிரைவர் தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தது. ஒரு யோசனை இல்லை, தயக்கம் இல்லை. ஞானசௌந்தரிக்கு வயிறெரிந்தது. அடப்பாவி, இவ்வளவு சீக்கிரமா? இத்தனை மாதத்தில் அவளுக்குள் எழுந்த முதல் உணர்ச்சி அதுதான், ஒரு பூனையின் மேல் பொறாமை.

கார்டு தின்னவில்லை. காதை ஒருமுறை ஆட்டியது. பிறகு தெரிகிற கண்ணை அவள் பக்கம் திருப்பி, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்லுங்கக்கா, தின்னுடும்," என்றாள் ஜஹீரா.

சொன்னால் இன்றைக்குத் தின்னும். நாளை மத்தியானம் அவள் ரயிலில் இருப்பாள். நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை அவள் பல்லால் கடித்து நிறுத்தினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் ஒரு எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. "நீங்களே இன்னொரு தடவை சொல்லுங்க பாய்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "ஆமீன்," என்றார் மெதுவாக.

கொஞ்ச நேரம் ஒரு நாக்கின் சத்தம்தான் கேட்டது. பிறகு இரண்டாவது நாக்கின் சத்தமும் சேர்ந்துகொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளம்புகிறேன் என்றவளை ஜஹீரா விடவில்லை. "நாளிக்கு ஊருக்குப் போறீங்க. எங்க வூட்ல ஒரு வாய் சாப்டாம அனுப்புவனா?" கோரைப்பாயை விரித்து, சூடான சோறும் சங்கரா மீன் குழம்பும் போட்டாள். வெளியே விறகு கேட்டு யாரோ கூப்பிட, ஜமால் பாய் எழுந்து போனார். பூனைகள் தின்று முடித்து அடுப்படிச் சூட்டில் ஒன்றையொன்று அணைத்துப் படுத்துவிட்டன.

"சாப்டுங்கக்கா."

ஞானசௌந்தரி சோற்றைப் பிசைந்தாள். ஒரு கவளம் உருட்டினாள். கை அதற்குமேல் எழவில்லை. குழம்பின் ஆவி முகத்தில் அடித்தது. அவள் தட்டைப் பார்த்தாள். நிமிர்ந்து ஜஹீராவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் தட்டைப் பார்த்தாள்.

ஜஹீரா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.